செனெஷலா, கான்ஸ்டபிளா: சிலுவைப் போர்க்கால எருசலேமில் யார் கை ஓங்கியிருந்தது?

1099-இல் சிலுவைப் போர் வீரர்கள் எருசலேமைப் பிடித்து நிறுவிய அரசில், மன்னருக்கு அடுத்தபடியாக ஆறு பெரும் பதவிகள் இருந்தன: செனெஷல், கான்ஸ்டபிள், மார்ஷல், சேம்பர்லைன், பட்லர், சான்சலர். இவற்றில் எது பெரியது என்று கேட்டால் பலரும் சட்டென்று கான்ஸ்டபிளைத்தான் காட்டுவார்கள். ஓயாமல் போர் நடந்த நாட்டில் படைத்தலைவர்தானே பெரியவர்? களத்தில் அது சரிதான். பணமும் கோட்டைகளும் யார் கையில் இருந்தன என்று பார்த்தால் கணக்கு மாறும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்தப் பதவிகளின் கடமைகளை விரிவாக எழுதி வைத்தவர் யாஃபாவின் பிரபு ஜான் ஆஃப் இபெலின். அவர் எழுதியது 1260-களில். எருசலேம் நகரம் கைவிட்டுப் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. எனவே அவர் சொல்வதை அப்படியே 12-ஆம் நூற்றாண்டின் மேல் ஏற்றிவிடாமல், அந்தப் பதவியில் இருந்தவர்கள் உண்மையில் என்ன செய்தார்கள் என்பதோடு ஒட்டிப் பார்க்க வேண்டும்.

இன்று காவல் நிலையத்தில் கேட்கும் அதே சொல்தான் கான்ஸ்டபிள். லத்தீனில் 'குதிரை லாயத்தின் தலைவர்' என்று பொருள். எருசலேமில் அவர் படை திரட்டினார், கூலிப்படையின் சம்பள வழக்குகளைத் தீர்த்தார், முடிசூட்டு விழாவில் அரசக் கொடியை ஏந்தினார். மன்னர் போருக்கு வராவிட்டால் முழுத் தலைமையும் அவருடையது. அவருக்குக் கீழே மார்ஷல். வீரர்களின் குதிரைகளைப் பார்வையிட்டு மதிப்பிட்டுப் பதிவேட்டில் ஏற்றுவது மார்ஷலின் வேலை. பதிவான குதிரை பணியில் செத்தாலோ முடமானாலோ அரசு ஈடு கொடுக்கும். பதிவு இல்லையென்றால் வீரர் பாடு திண்டாட்டம்தான், ஏனென்றால் குதிரை இல்லாத வீரரால் தன் மானியத்துக்கு (படைச் சேவைக்கு ஈடாகக் கிடைத்த நிலம் அல்லது வருமானம்) உரிய சேவையைச் செய்ய முடியாது. வென்ற பொருளைப் பங்கிடுவதும் மார்ஷல்தான்.

செனெஷல் முடிசூட்டு விழாவை நடத்தி, செங்கோலைத் தாங்கி நிற்பவர். வெறும் சடங்குப் பதவி என்று இதை ஒதுக்குபவர்கள் அவருடைய மற்ற வேலைகளைக் கவனிப்பதில்லை. மன்னர் இல்லாதபோது, பிரபுக்கள் கூடும் சபையான உயர்மன்றத்துக்குத் தலைமை தாங்கியவர் அவர். அரசக் கோட்டைகளின் காவலையும் இருப்பையும் மேற்பார்த்தவரும் அவர். 'செக்ரெத்' எனப்பட்ட கருவூல அலுவலகமும் அவர் பொறுப்பு. இந்தக் கருவூலம்தான் முக்கியம். எருசலேமில் வீரர்கள் பலருக்கு மானியம் நிலமாக வரவில்லை. ஏக்கர் போன்ற துறைமுக நகரங்களின் வரி வருவாயிலிருந்து பணமாக வந்தது. கான்ஸ்டபிள் அழைத்து வரும் வீரரின் வருமானம் செனெஷலின் கணக்கேடுகளில் இருந்தது.

மற்ற மூன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சேம்பர்லைன் மன்னரின் உள்வீட்டைக் கவனித்தார். பட்லர் அரச விருந்தையும் மதுவையும் பார்த்துக்கொண்டார். சான்சலர் சாசனங்களை எழுதி முத்திரையிட்டவர், பெரும்பாலும் திருச்சபையைச் சேர்ந்தவர். 1174-இல் அந்தப் பதவிக்கு வந்த வில்லியம் அடுத்த ஆண்டே டயர் நகரப் பேராயரானார். மூவரிடமும் படையோ கோட்டையோ இல்லை.

பதவிகளின் உண்மையான பலம் நெருக்கடியில்தான் தெரிந்தது. அரசி மெலிசெண்டின் கான்ஸ்டபிள் மனாசஸ், 1152-இல் அரசியின் மகன் மூன்றாம் பால்ட்வினால் மிராபெல் கோட்டையில் முற்றுகையிடப்பட்டு நாட்டை விட்டே போனார். படைத்தலைமை அவரைக் காக்கவில்லை. அடுத்து வந்த டோரோனின் ஹம்ஃப்ரி 1179 வரை பதவியில் இருந்தார். பனியாஸ் அருகே இளம் மன்னர் நான்காம் பால்ட்வினைக் காத்துப் பின்வாங்கச் செய்தபோது பட்ட காயங்களால் இறந்தார். கான்ஸ்டபிள் பதவி மிகவும் மதிக்கத்தக்க வடிவில் இருந்தது இவர் காலத்தில்தான் என்பேன்.

செனெஷல் பதவியிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. 1174 ஜூலையில் மன்னர் அமால்ரிக் இறந்தபோது வாரிசான நான்காம் பால்ட்வின் தொழுநோய் பிடித்த 13 வயதுச் சிறுவன். செனெஷல் மைல்ஸ் ஆஃப் பிளான்சி, பிரபுக்களின் ஒப்புதலைத் திரட்டாமல், தன் பதவியை வைத்தே ஆட்சியை நடத்தப் பார்த்தார். சில மாதங்களில் ஏக்கர் தெருவில் கொல்லப்பட்டார். ஆட்சிப் பொறுப்பு திரிப்போலியின் பிரபு மூன்றாம் ரேமண்டுக்குப் போனது. உயர்மன்றத்தின் சம்மதம் இல்லாமல், எந்தப் பெரும் பதவியில் இருந்தவரும் மன்னருக்குப் பதிலாக ஆட்சி நடத்திவிட முடியாது.

1186-இல் செனெஷல் மூன்றாம் ஜோசலின் அதே தவறைச் செய்யவில்லை. சிறுவன் மன்னர் ஐந்தாம் பால்ட்வின் இறந்ததும், அப்போது ஆட்சிப் பொறுப்பில் இருந்த ரேமண்ட் திபேரியாவில் இருந்த வேளையில் ஏக்கரையும் பெய்ரூத்தையும் கைப்பற்றினார். அவர் ஆட்சியைத் தனக்குக் கேட்கவில்லை. வாரிசுரிமை கொண்ட, அந்தச் சிறுவனின் தாய் சிபில்லாவுக்காக நகர்ந்தார். சிபில்லா முடிசூடினார், அவர் கணவர் கீ மன்னரானார். கீயின் அண்ணன் அமோரிதான் அப்போது கான்ஸ்டபிள். ஆனாலும் முதல் அடி செனெஷலுடையது.

அடுத்த ஆண்டே கணக்கு இன்னொரு பக்கமாகத் திரும்பியது. எகிப்து, சிரியாவின் சுல்தான் சலாவுதீனை எதிர்க்க செஃபோரியில் படை திரட்டியபோது, கோட்டைகளிலும் நகரங்களிலும் இருந்த காவலர்களையெல்லாம் வழித்துக் களத்துக்குக் கொண்டுபோனார்கள். 1187 ஜூலை 4 அன்று ஹத்தீனில் அந்தப் படை அழிந்தது. கான்ஸ்டபிள் அமோரி சிறைப்பட்டார். செனெஷல் ஜோசலின் தப்பி ஏக்கருக்கு வந்து சேர்ந்தார். மதில்கள் இருந்தன, அவற்றின் மேல் நிற்க ஆள் இல்லை. ஒரு வாரத்துக்குள் நகரத்தை ஒப்படைத்தார்.