ஹட்டன் டவுனில் அன்டிபொடி டெஸ்ட் எடுத்த கதை

2021 கடைசியில், எங்கள் தேயிலை ஃபெக்டரியில் ரோலர் பக்கம் என்னோடு நின்ற மூன்று பேருக்கு அடுத்தடுத்து கொவிட் வந்ததும், எனக்கும் வந்து போயிருக்குமோ என்று அன்டிபொடி (கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் பிறபொருளெதிரி) டெஸ்ட் எடுத்துப் பார்க்க ஹட்டன் டவுனில் ஒரு தனியார் ஆய்வுகூடத்துக்குப் போனேன். இடம் சுத்தம். இரத்தம் எடுத்த தங்கச்சிக்கு நல்ல கை, வலியே இல்லை. ரிப்போர்ட்டும் மறுநாளே.

ஆனால் 'பொசிட்டிவ்' என்ற தாளை நீட்டியதோடு சரி, ஊசி போட்டாயா என்று ஒருவரும் கேட்கவில்லை! நான் போட்டது சினோபாம், செயலிழக்கச் செய்த முழு வைரஸில் தயாரித்த ஊசி, அதனாலும் உடம்பில் பிறபொருளெதிரி உண்டாகும். வந்தது தொற்றாலா ஊசியாலா என்று இந்த டெஸ்ட்டில் பிரிக்க முடியாது. இப்போது தொற்று இருக்கிறதா என்று பார்க்க வைரஸையே தேடும் பீசிஆர் அல்லது அன்டிஜன் டெஸ்ட்தான் வேண்டும். இதைக் காசு வாங்குமுன் சொல்லியிருக்கலாம். அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) போனதுதான் மிச்சம்.