கடலைக் குடிநீர்த் தொட்டியாக எண்ணிய கருவிப்பெட்டி

நாகப்பட்டினத்தில், மீன்பிடித் தடைக்காலத்தால் விசைப்படகுகள் கரையில் நின்ற மே மாதத்தில், கோடிங்கையும் மின்னணுவியலையும் கொண்டு கடலைக் காக்கக் கற்றுத்தருவதாக அறிவித்திருந்த ஒரு தனியார் கோடை வகுப்பில், எட்டாம் வகுப்பு முடித்த என் மகளைச் சேர்த்தேன். ஆறு நாள் வகுப்புக்கு, வீட்டுக்கே தந்துவிடும் கருவிப்பெட்டியையும் சேர்த்துக் கட்டணம் 3,200 ரூபாய். பெட்டியில் நாம் எழுதும் நிரலை இயக்கும் சிறு மின்னணுப் பலகையான ஓர் அர்டுயினோ ஊனோ போர்டு, பற்றவைக்காமல் பாகங்களைச் செருகி இணைக்கும் பிரெட்போர்டு, இணைப்புக்கான ஜம்பர் ஒயர்கள், தண்ணீர் புகாத வெப்பச் சென்சார், நீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் சென்சார், ஒரு சிறு திரை ஆகியவை இருந்தன.

முதல் இரண்டு நாட்கள் விளக்கை எரியவிட்டு அணைக்கும் வழக்கமான பாடம்தான். மூன்றாம் நாள் நடந்த ஆமைப் பாடத்துக்காகவே கட்டணத்தில் பாதியைத் தரலாம். நம் கடற்கரைக்கு ஆண்டின் தொடக்க மாதங்களில் முட்டையிட வரும் பங்குனி ஆமையின் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பமே முடிவு செய்கிறது. மணல் சூடேறினால் பெண் குஞ்சுகள் மிகுகின்றன. இதை விளக்கிய ஆசிரியர், உண்மையான முட்டைக்குழிகளின் பக்கம் பிள்ளைகளை அழைத்துச் செல்லாமல், வகுப்பின் பின்புற மணலில் ஒன்றரை அடி ஆழத்துக்கு இரண்டு குழிகள் தோண்டச் செய்து, ஒன்றைத் தென்னங்கீற்றால் நிழலிட்டு, மற்றதை வெயிலில் விட்டு, காலை முதல் மாலை வரை இரண்டின் வெப்பத்தையும் பதியவைத்தார். அந்தச் சென்சார் அரை டிகிரி வரை கூடக் குறையக் காட்டக்கூடியது என்பதால், இரண்டு குழிகளுக்கான சென்சார்களையும் முதலில் ஒரே ஐஸ் தண்ணீரில் வைத்து ஒப்பிட்டிருக்க வேண்டும். துறைமுக ஊரில் ஐஸுக்கா பஞ்சம்? ஆயினும் அது நடக்கவில்லை.

என் குறை ஐந்தாம் நாளைப் பற்றியது. கடுவையாறு கடலில் கலக்கும் இடத்துக்குப் போய் ஆற்றுநீர், முகத்துவார நீர், கடல்நீர் மூன்றையும் எடுத்துவந்து அளந்தபோது, டிடிஎஸ் சென்சார் மூன்றுக்கும் ஏறத்தாழ ஒரே எண்ணைக் காட்டியது. மேட்டூர்த் தண்ணீர் வராத கோடையில் கடல்நீர் ஆற்றுக்குள் நெடுந்தூரம் ஏறிவிடுவது டெல்டாவில் எல்லோரும் அறிந்ததுதான் என்பதால் அந்த விடையை யாரும் சந்தேகிக்கவில்லை. உண்மையில் அந்தச் சென்சார் லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் வரை மட்டுமே அளக்கும், குடிநீருக்கான கருவி. கடல்நீரிலோ லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம், அதாவது 35,000 மில்லிகிராம் உப்பு உண்டு. உச்சவரம்பில் முட்டிக்கொண்டு நின்ற எண்ணைத்தான் பிள்ளைகள் அட்டவணையில் எழுதி வண்ணமும் தீட்டினார்கள்.

வீட்டில் மகள் குழாய்த் தண்ணீரை அளந்து பார்த்த பிறகுதான் இது பிடிபட்டது. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் 99 பங்குக்கு ஒரு பங்கு கடல்நீரைக் கலந்து அளந்தோம். 330 சொச்சம் காட்டியது. நூறால் பெருக்கினால் புத்தகக் கணக்குக்கு அருகே வந்துவிடுகிறது. பத்து ரூபாய்ச் செலவில் முடிகிற இந்தச் சோதனையை வகுப்பிலேயே செய்திருந்தால், ஒரு கருவி எந்த அளவு வரை நம்பத்தக்கது என்பதையும் பிள்ளைகள் கற்றிருப்பார்கள். தொலைபேசியில் தெரிவித்தபோது, அடுத்த அணிக்கு இந்த முறையைச் சேர்ப்பதாக ஆசிரியர் மறுக்காமல் ஒப்புக்கொண்டார்.

உப்புக்காற்று பட்ட ஜம்பர் ஒயர்களின் முனைகள் இரண்டே வாரத்தில் கறுத்துவிட்டன. கடற்கரைக்குக் கொண்டுபோனவற்றை அன்றே நல்ல தண்ணீரில் கழுவி உலர்த்தச் சொல்லும் ஒரு வரி கூடக் கையேட்டில் இல்லை. இவ்வளவுக்குப் பிறகும் அடுத்த கோடையில் என் தம்பி மகனைச் சேர்க்கவே எண்ணியிருக்கிறேன்; பணம் கட்டும் முன் ஐந்தாம் நாள் பாடம் மாறியிருக்கிறதா என்பதை மட்டும் கேட்டுக்கொள்வேன்.