பாளையங்கோட்டைப் பழைய புத்தகக் கடையின் சட்ட அலமாரி

பாளையங்கோட்டையில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இயங்கும் இந்தக் கடையில், தன்பாலினச் சேர்க்கை குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் அளித்த தீர்ப்பும், பால்புதுமையினரை (LGBTQ+) ‘மாற்றும்’ சிகிச்சைக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் பிறப்பித்த உத்தரவும் ஸ்பைரல் போட்ட நகல்களாகக் கிடைக்கின்றன. அதே தட்டில், பால்புதுமையினர் இயக்கத்தையே தீவிரவாதம் என்று ரஷ்ய உச்ச நீதிமன்றம் 2023 நவம்பரில் அறிவித்ததையும், பிரைடு எனப்படும் அவர்களது பேரணிகளைத் தடுக்க ஹங்கேரி நாடாளுமன்றம் 2025 மார்ச்சில் சட்டம் இயற்றியதையும் பற்றிய செய்தி நறுக்குகள் ஒரு கோப்பில் உள்ளன. குழந்தைகள் நலனைக் காரணம் காட்டும் ஹங்கேரிச் சட்டம், உண்மையில் கூடிப் பேசும் உரிமையில்தான் கை வைக்கிறது என்பது சேர்த்துப் படிக்கும்போது தெளிவாகிறது. யார் எதை எடுத்தாலும் கடைக்கார அண்ணாச்சி ஏற இறங்கப் பார்ப்பதில்லை. நம்மூரில் அது சாதாரண வசதியல்ல. எழுத்து மங்கிய நகலுக்கும் முழு விலை வாங்குவதுதான் சரியில்லை.