இரவில் காலை உதறவைக்கும் துறுதுறுப்பு: விற்கிற கருவிகளில் எது தேறும்?

படுத்த கொஞ்ச நேரத்தில் கெண்டைக்காலுக்குள் ஏதோ ஊர ஆரம்பிக்கும். நீட்டினால் மடக்கத் தோன்றும், மடக்கினால் உதறத் தோன்றும். எழுந்து நாலு எட்டு வைத்தால் அடங்கும். படுத்தால் மறுபடி வரும். ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோம் எனப்படும் இந்தத் தொல்லைக்கு நரம்புத் தூண்டல் பட்டை, காற்று ஏறி இறங்கிக் காலை அமுக்கும் காற்றுறை, அதிர்வு விரிப்பு, கனத்த போர்வை, மக்னீசியம் என்று கடைவிரித்திருக்கிறார்கள். காலில் கட்டுகிற, போர்த்துகிற பொருள்கள் எல்லாம் நம்பியிருப்பது ஒரே உத்தியைத்தான்: காலிலிருந்து வேறோர் உணர்ச்சியை மூளைக்கு அனுப்பி ஊறலை அமுக்குவது. தேய்த்துவிட்டால் சுகமாக இருப்பதும் இதனால்தான். நோயின் வேரை இவை தொடுவதில்லை.

காசைக் கொடுக்கும் முன் வந்திருப்பது இந்தத் தொல்லைதானா என்று பார்த்துவிட வேண்டும். சதை கட்டியாக இறுகி, தொட்டாலே வலித்தால் அது பிடிப்பு. நீட்டி இழுத்தால்தான் விடும். பகல் இரவு பாராமல் பாதம் எரிந்து மரத்துப்போனால் நரம்புப் பாதிப்பாக இருக்கலாம். இங்கே அடையாளம் நான்கு: அசைத்தே ஆக வேண்டும் என்ற உந்துதல், சும்மா இருக்கும்போது அது கூடுவது, அசைக்கும் வரையாவது தணிவது, மாலையிலும் இரவிலும் மோசமாவது. நான்கும் பொருந்தாவிட்டால் கீழே சொல்லும் எதையும் வாங்க வேண்டாம்.

இருக்கிற கருவிகளில் ஆதாரம் உள்ளது, முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களிலும் கட்டும் நரம்புத் தூண்டல் பட்டை. நிட்ரா என்ற பெயரில் வரும் இதற்கு அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2023இல் அனுமதி கொடுத்தது. மருத்துவர் சீட்டு வேண்டும். முழங்காலின் வெளிப்பக்கம் சற்றுக் கீழே விரலால் தடவினால் ஓர் எலும்பு முண்டு தட்டுப்படும். பெரோனியல் நரம்பு அந்த இடத்தை ஒட்டித்தான் தோலுக்கு மிக அருகில் வளைந்து போகிறது. மின்முனை அங்கே உட்கார வேண்டும். உட்கார்ந்தால், முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடையே முன்பக்கத் தசை மெல்ல இறுகி அப்படியே நிற்கும். கால் வெட்டி இழுக்காது. அசைக்கும்போது அந்தத் தசையிலிருந்து போகும் செய்தி, காலை அசைக்காமலே மூளைக்குப் போய்ச்சேர்கிறது. ஒரு சுற்று 30 நிமிடம். ஊறல் ஆரம்பித்ததும் போட்டுக்கொண்டு அப்படியே தூங்கிவிடலாம்.

பலன் எவ்வளவு? மருந்துக்குச் சரியாகக் கட்டுப்படாதவர்களிடம் நடந்த ஆய்வில், 4 வார முடிவில் நூற்றுக்கு 45 பேருக்கு நல்ல முன்னேற்றம். போலிக் கருவி கட்டியவர்களில் அது 16. மருந்தே கேட்காத கூட்டத்தில் இது சாதாரணமில்லை. ஆனால் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அந்த அளவு பலன் வரவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். திருப்பிக் கொடுக்கும் வசதியைக் கேட்காமல் வாங்குவது புத்திசாலித்தனமில்லை.

கோளாறு பெரும்பாலும் கட்டுவதில்தான் நடக்கும். பட்டை முன்பக்கமாகச் சுழன்றுவிட்டால் தோல் குறுகுறுக்கும், தசை இறுகாது. சரிபார்க்கச் சுலபமான வழி: கருவி ஓடும்போது முன்னங்கால் தசையில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பது. இறுக்கம் தெரியாவிட்டால் விசையைக் கூட்டாமல் இடத்தை மாற்ற வேண்டும். விசையை மட்டும் கூட்டினால் தோல்தான் எரியும். எண்ணெயோ களிம்போ தடவிய காலில் மின்முனை பிடிக்காது. நின்றுகொண்டு இறுக்கிக் கட்டியது, படுத்து முழங்காலை மடக்கியதும் நழுவலாம்; படுக்கும் நிலையிலேயே கட்டுவது நல்லது. பேஸ்மேக்கர் போன்ற மின்கருவி உடம்பில் இருப்பவர்கள், வலிப்பு நோய் உள்ளவர்கள், அந்த இடத்தில் உலோகம் பொருத்தியவர்கள் இதைத் தொடக் கூடாது.

“இதே வேலையை வலிக்கு வைக்கிற டென்ஸ் கருவி செய்யாதா?” என்ற கேள்வி தவறாமல் வரும். செய்யாது. டென்ஸ் வினாடிக்குச் சில துடிப்பு முதல் நூற்றைம்பது வரை கொடுக்கும். அதே நரம்பில் வைத்து விசையைக் கூட்டினால் குத்தும், பாதம் துள்ளும். இந்தப் பட்டை 4,000 ஹெர்ட்ஸ் அளவில் ஓடுவதால்தான் தூக்கம் கெடாமல் தசை இறுகி நிற்கிறது.

காற்றுறைக்கு இரண்டாம் இடம் தரலாம். தினமும் ஒரு மணி நேரம், ஊறல் வழக்கமாகத் தொடங்கும் நேரத்துக்கு முன்பே கட்டியாக வேண்டும் என்பதே அதன் குறை. அந்தப் பொறுமை எல்லோருக்கும் வராது. காலில் ரத்தக் கட்டி, தமனி அடைப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. அதிர்வு விரிப்பை ஆராய்ந்தபோது தூக்கம் கொஞ்சம் மேம்பட்டது, ஊறலின் தீவிரத்தில் போலி விரிப்புக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. கனத்த போர்வை சிலருக்கு இதம், புழுக்கம் தாங்காதவர்களுக்குத் தண்டனை. மக்னீசியத்துக்கு உருப்படியான ஆதாரம் இன்னும் இல்லை; கூடினால் வயிற்றுப்போக்கு, சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ஆபத்து.

இத்தனைக்கும் முன்னால் செலவழிக்க வேண்டியது ஒரு ரத்தப் பரிசோதனைக்கு. மூளைக்குள் இரும்புச்சத்து குறைவதுதான் இந்த நோயில் திரும்பத் திரும்பக் காணப்படும் காரணம். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் அது நடக்கும். உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டிரான்ஸ்ஃபெரின் செறிவு இரண்டையும் பார்க்க வேண்டும். காலையில், வெறும் வயிற்றில், முந்தைய ஒரு நாளாவது இரும்பு மாத்திரை போடாமல் ரத்தம் கொடுக்க வேண்டும். காய்ச்சலோ தொற்றோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும். பலர் ஏமாறும் இடம் அறிக்கையில் இருக்கிறது: ஃபெரிட்டின் 30 என்றால் ஆய்வகம் “இயல்பு” என்று அச்சிட்டுவிடும். ஆனால் அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகத்தின் 2025 வழிகாட்டுதல்படி, பெரியவர்களுக்கு ஃபெரிட்டின் மில்லிலிட்டருக்கு 75 நானோகிராமோ அதற்குக் கீழோ இருந்தால், அல்லது செறிவு 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், இரும்பு கொடுக்கலாம். 75க்கும் 100க்கும் இடையில் என்றால் மாத்திரையால் பயன் குறைவு, ரத்தக்குழாய் வழியே இரும்பை ஏற்றுவதையே சொல்கிறார்கள்.

வழக்கமான மாத்திரை 325 மி.கி. ஃபெரஸ் சல்ஃபேட்; அதில் உண்மையான இரும்பு 65 மி.கி. அதிகம் போட்டால் சீக்கிரம் ஏறும் என்று நினைத்து ஒரே நாளில் மூன்று போடுவது வீண். ஒரு மாத்திரை உள்ளே போனதும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் கூடி, ஏறக்குறைய ஒரு நாளுக்குக் குடலின் கதவைச் சாத்திவிடும். அதனால் நாளுக்கு ஒன்று, மலச்சிக்கல் வந்தால் ஒன்றுவிட்டு ஒரு நாள். கூடவே வைட்டமின் சி நல்லது. தேநீர், காபி, பால், கால்சியம் மாத்திரை கூடாது. மலம் கறுப்பது சகஜம். பத்து நாளில் “ஒன்றும் நடக்கவில்லை” என்று நிறுத்துவதுதான் தோல்விக்குக் காரணம். 3 மாதம் போட்டு மறுபடி அளந்து பார்க்க வேண்டும். பரிசோதிக்காமல் தானாகத் தொடங்குவதும் தவறு: உடம்பில் இரும்பு தேங்கும் பரம்பரை நோய் இருந்தால் கல்லீரல் கெடும். அளவு குறைவாக இருந்தால் ரத்தம் எங்கே போகிறது என்பதையும் தேட வேண்டும்.

சீட்டில்லாமல் கிடைக்கும் தூக்க மாத்திரைகளுக்கு மதிப்பெண் பூஜ்ஜியத்துக்கும் கீழே. அவற்றில் பலவற்றில் உள்ள டைஃபென்ஹைட்ரமைன், டாக்ஸிலமைன் ஆகியவை ஊறலைக் கிளப்பிவிடும். சளி மாத்திரையின் பின்புறத்திலும் இந்தப் பெயர்களைத் தேடுங்கள். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோப்ரமைடு, மனச்சோர்வு மருந்துகள் பலவும் இதே வேலையைச் செய்யும்; அவற்றை நீங்களாக நிறுத்தாமல் மாற்று கேளுங்கள்.

இந்த நோய்க்கு ஏற்கெனவே பிரமிபெக்ஸோல், ரோபினிரோல் மாத்திரை போடுகிறவர்கள் கருவி வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரவு பத்து மணிக்கு வந்த ஊறல் மாலை ஐந்துக்கே வருகிறதா, கைக்கும் பரவுகிறதா? அப்படியென்றால் மருந்தே நோயை வளர்க்கிறது. அளவைக் கூட்டினால் இன்னும் மோசமாகும். இப்போது மருத்துவர்கள் கேபாபென்டின், பிரிகாபலின் வகை மருந்துகளை முன்னே வைப்பது இதனால்தான். பட்டை வந்துவிட்டது என்று பழைய மாத்திரையை அன்றிரவே நிறுத்தினால் ஊறல் பல மடங்காகத் திரும்பும், பழி பட்டையின் மேல் விழும். மருத்துவர் சொல்லும் வேகத்தில், வாரக்கணக்கில் குறைத்துக்கொண்டே வர வேண்டும்.