கள்ளிச்செடி வாங்கும்போது பூவைத் தொட்டுப் பாருங்கள்

போன வருடம் தை மாதம் மதுரைக்கு வெளியே ஒரு சாலையோர நர்சரியில் மூன்று குட்டிக் கள்ளிச்செடிகள் வாங்கினேன். ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழ அளவு. உச்சியில் மஞ்சள், ரோஸ், ஆரஞ்சு என்று ஆளுக்கொரு பூ. செடி ஒன்று 350 ரூபாய். "வருஷம் பூரா பூ இருக்கும் மேடம், தினமும் கொஞ்சம் தண்ணி ஊத்துங்க போதும்" என்றார் கடைக்காரர்.

எனக்குச் சந்தேகமே வரவில்லை. தண்ணீர் தெளித்தால் பூ மெல்லக் குவியும். வெயிலில் காய்ந்ததும் திரும்ப விரியும். உயிருள்ள பூ என்று நம்ப அதுவே போதுமாக இருந்தது. ஒன்றரை மாதம் ஆகியும் வாடவில்லை என்று அக்கம்பக்கத்தில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஊரிலிருந்து வந்த அம்மாதான் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏண்டி, சருகு மாதிரி சரசரங்குதே" என்றார்.

பூவைப் பிடித்து லேசாக இழுத்தேன். கையோடு வந்துவிட்டது. அடியில் பாகு இறுகியது போல ஒரு பசை உருண்டை. அதில் நாலைந்து முட்கள் வேரோடு பிடுங்கிக்கொண்டு ஒட்டியிருந்தன. செடியின் உச்சியில் பழுப்பாகச் சூடு பட்ட தழும்பு.

அது ஸ்ட்ராஃப்ளவர் என்கிற வேறொரு செடியின் காய்ந்த பூ. சொந்த ஊர் ஆஸ்திரேலியா. காய்ந்த பிறகும் ஈரம் பட்டால் மூடும், உலர்ந்தால் விரியும். அதை க்ளூ கன்னால் சூடாக ஒட்டி விற்கிறார்கள். கள்ளிக்கு வளரும் முனையே உச்சிதான். அங்கே கொதிக்கிற பசையை வைத்தால் அது எப்படி வளரும்? இதை நினைத்தால்தான் பணம் போனதைவிட அதிகமாக வயிறு எரிகிறது.

தொட்டியிலும் ஏமாற்று. மேலே பரப்பியிருந்த வெள்ளைக் கூழாங்கற்களும் பசை போட்டு ஒட்டியவை. உடைத்துப் பார்த்தால் கீழே வெறும் கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்), நடுவில் ஈரம் நசநசவென்று இருந்தது. ஒரு செடி அதற்குள் அடியில் அழுகி, விரலால் அழுத்தினால் தக்காளி போல உள்ளே போனது. இன்னொன்று உச்சி கருகி நின்றுவிட்டது.

நேரில் போய்க் கேட்டேன். "எங்களுக்கு அப்படியேதான் லோடு வருது, நாங்க ஒட்டல" என்றார்கள். பணம் தரவில்லை. அன்றைக்கும் வாசலில் முப்பது நாற்பது செடி அதே பூவோடு வரிசையாக நின்றன.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? தொட்டுப் பாருங்கள். நிஜக் கள்ளிப்பூவின் இதழ் பட்டு போலக் குளிர்ச்சியாக, மெல்லியதாக இருக்கும். சில நாளில் வாடிவிடும். அப்புறம், அது எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். நான் வாங்கிய மாமில்லேரியா வகை, மெக்சிகோ பக்கத்துக் கள்ளி. அதற்கு உச்சியைச் சுற்றி, முண்டுகளின் இடுக்கிலிருந்து சின்னச் சின்னப் பூக்கள் வளையமாக வரும். அஸ்ட்ரோபைட்டம் மாதிரி உச்சியிலேயே பூப்பவையும் உண்டு, ஆனால் அதிலும் மொட்டு செடியிலிருந்து புறப்படுவது தெரியும். வேறு வேறு ஜாதிச் செடிகளின் தலையில் ஒரே மாதிரிப் பூ இருந்தால் வாங்கவே வாங்காதீர்கள். சிவப்பு உருண்டையைப் பூ என்று சொல்லி விற்பவர்களும் இருக்கிறார்கள். அது பச்சையமே இல்லாத இன்னொரு கள்ளி, பெரும்பாலும் டிராகன் பழக் கள்ளியின் மேல் ஒட்டுக்கட்டியது.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? ஒட்டுப்பூ தானாக வந்தால் எடுங்கள். வராவிட்டால் முரட்டுத்தனமாகப் பிய்க்காமல், ஒட்டுப்பூவின் காம்பை மட்டும் கத்தரித்துவிட்டு விடுங்கள். கற்களை உடைத்து, கோகோபீட்டை உதறி, ஓட்டையுள்ள மண்தொட்டியில் ஆற்று மணலும் பெர்லைட் என்கிற லேசான வெள்ளைத் துகளும் பாதிக்கு மேல் கலந்த மண்ணில் நடுங்கள். ஒரு வாரம் தண்ணீர் வேண்டாம், வேர்க்காயம் ஆறட்டும். அதன் பிறகும் மண் முழுக்கக் காய்ந்தால்தான் ஊற்ற வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மாடியில் திறந்து வைக்காதீர்கள்.

என் மூன்றாவது செடியை அப்படித்தான் காப்பாற்றினேன். தழும்பால் கொஞ்சம் கோணலாக வளர்ந்து, பக்கத்தில் இரண்டு குட்டி போட்டிருக்கிறது. இந்த மாசியில் தழும்புக்குக் கீழே ஆறு ரோஸ் மொட்டு வந்தது. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகத்தளவு. நடுப்பகல் வெயிலில் விரிந்து, நாலாம் நாள் வாடிப்போயின.