மூலிகைச் சொட்டுக்கு 6,400 ரூபாய் அழுதோம், பையனுக்குக் கண் அழுத்தம் ஏறியிருக்கிறது

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் பிள்ளைகளுக்குக் கண் அலர்ஜி இருக்கிறவர்கள் தயவுசெய்து படியுங்கள். இன்று காலையில்தான் டாக்டர் சொன்னார். ஆத்திரத்தில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருக்கும்.

பையனுக்கு ஒன்பது வயது. பங்குனி பிறந்தால் போதும், கண் இரண்டும் சிவந்து, ஓயாமல் கசக்கி, காலையில் நூல் நூலாகப் பீளை. நம்ம ஊர் வெயிலும் வறட்டுக் காற்றும் லாரிப் புழுதியும் தெரிந்ததுதானே. கண் டாக்டர் ஓலோபட்டடின் என்கிற அலர்ஜிச் சொட்டு கொடுத்து, மெதுவாகத்தான் கேட்கும், விடாமல் போடுங்கள் என்றிருந்தார். அந்த 'மெதுவாக'வில்தான் இந்த ஆள் புகுந்தார்.

பஜார் பக்கம், மாடியில், மூலிகைக் கண் வைத்தியக் கடை. வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. "வாடா ராஜா" என்று பையனை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். கீழ் இமையை விலக்கி ஒரே ஒரு சொட்டு. கொஞ்ச நேரத்தில் கண் வெளேரென்று ஆகிவிட்டது. என் மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள். "இங்கிலீஷ் மருந்து அமுக்கும் சார், நம்மது வேரோட எடுக்கும்." மூன்று மாதக் கோர்ஸ், 6,400 ரூபாய். அங்கேயே ஜிபே செய்தேன். பில் கேட்டால், "நமக்குள்ள என்ன சார் பில்?" பாட்டிலில் துளசி படம் மட்டும்தான். லைசென்ஸ் எண், பேட்ச் எண், காலாவதி தேதி எதுவும் கிடையாது.

அப்புறம் ஆரம்பித்தது. விட்டால் வெளுக்கும், சில மணி நேரத்தில் முன்னைவிடச் சிவக்கும். போன் செய்தால், "கெட்ட நீர் இறங்குது, ரெண்டு சொட்டு சேர்த்து விடுங்க." பையன் "நைனா, போர்டு மங்கலா தெரியுது" என்றபோது மறுபடி போன். "ஏசியில படுக்க வைக்காதீங்க." எங்கள் வீட்டில் ஏசியே இல்லை. பிறகு "ஐயா திருப்பதி போயிருக்கார்." நேரில் போனால் ஐயா உள்ளே காபி குடித்துக்கொண்டிருக்கிறார்! "பையன் கண்ணைக் கசக்கினா மருந்து என்ன பண்ணும்? பணம் திரும்ப வேணும்னா பில் கொண்டாங்க."

பில் கொண்டு வரணுமாம். 6,400 ரூபாய் வாங்கின வாய் பேசுகிறது.

இன்று கண் டாக்டர் பையனின் மேல் இமையைத் திருப்பிக் காட்டினார். உள்ளே புடைப்புப் புடைப்பாக இருக்கிறது, அது கருவிழியை உரசித்தான் மங்கலாம். அதைவிடப் பெரிய இடி, கண் அழுத்தம் ஏறியிருக்கிறது. உடனே வெளுத்தது ரத்தக் குழாயைச் சுருக்கும் மருந்தாக இருக்கலாம், அதன் வேகம் தீர்ந்ததும் சிவப்பு திரும்பிவிடும் என்றார். கூடவே ஸ்டீராய்டும் (வீக்கத்தையும் அரிப்பையும் சட்டென்று அடக்கும் மருந்து) கலந்திருக்கும் என்று சந்தேகப்படுகிறார். ஸ்டீராய்டை டாக்டர்களும் கொடுப்பார்கள்தான், ஆனால் கொஞ்ச நாளைக்கு, அழுத்தத்தைப் பார்த்துப் பார்த்து. கண்டபடி விட்டால் வலியே தெரியாமல் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பைக் கெடுக்கும், புரையும் விழலாம். நரம்பு கெட்டுப் போன பார்வை திரும்பாது. பையனுக்கு நரம்பு இன்னும் கெடவில்லை. அழுத்தத்துக்கு ஒரு சொட்டு, அலர்ஜிக்கு சைக்ளோஸ்போரின் சொட்டு எழுதியிருக்கிறார்.

கண் அலர்ஜியை எப்படிச் சமாளிப்பது என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. கசக்க விடாதீர்கள், நாளடைவில் கருவிழியே மெலிந்து கூம்பிப் போகலாம். அரித்தால் குளிர்ந்த ஈரத்துணியால் ஒத்தடம் கொடுங்கள். வெயிலில் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும், வீட்டுக்கு வந்ததும் முகம் கழுவல். திறந்த சொட்டுப் பாட்டிலை ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் திரும்பத் திரும்ப வாங்காதீர்கள். லேபிள் இல்லாத எதையும் கண்ணில் விடாதீர்கள், அவ்வளவுதான்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்திருக்கிறேன். 6,400 ரூபாய்க்கு ஜிபே ரசீதும் மீதி மருந்தும் என்னிடம் இருக்கிறது, நாளை மருந்து ஆய்வாளரிடம் போகிறேன். இதே மாதிரி பாட்டில் உங்கள் வீட்டில் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், எடுத்து வையுங்கள். அதற்கு முன்னால் பிள்ளையைக் கூட்டிப்போய்க் கண் அழுத்தம் பாருங்கள்.