க்னோம் 2 முதல் க்னோம் 40 வரை: ஒரு பயனரின் அனுபவம்

க்னோம் என்பது லினக்ஸ் இயங்குதளத்துக்கான ஒரு டெஸ்க்டாப், அதாவது பட்டைகள், மெனுக்கள், விண்டோக்கள் அடங்கிய திரைச் சூழல். 2011 ஏப்ரலில் க்னோம் 3 வெளிவந்தபோது லினக்ஸ் பயனர்களிடம் எழுந்த கோபத்தை, புதியது எதுவானாலும் பிடிக்காதவர்களின் புலம்பல் என்று இன்றும் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். க்னோம் 2 காலத்திலிருந்து லினக்ஸிலேயே வேலை பார்த்துவரும் எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

க்னோம் 2-இல் மேலே ஒரு பேனல், கீழே ஒரு பேனல். மேலே மெனுக்கள், கீழே திறந்திருக்கும் விண்டோக்களின் வரிசை. வேண்டியதைச் சேர்க்கலாம், வேண்டாததை எடுத்துவிடலாம். நான் பார்ப்பது மெய்ப்புத் திருத்தும் வேலை. ஸ்கேன் செய்த பக்கம் ஒரு விண்டோவில், தட்டச்சுப் பிரதி இன்னொன்றில், அகராதி மூன்றாவதில். கீழே ஒரு பார்வை பார்த்தால் போதும், எது எங்கே என்று தெரிந்துவிடும்.

க்னோம் 3 அந்த வரிசையையே எடுத்துவிட்டது. மினிமைஸ் பட்டனும் போனது. திறந்திருப்பவற்றைப் பார்க்க ஆக்டிவிட்டீஸ் திரைக்குப் போக வேண்டும். விண்டோ மாற்ற ஆல்ட்-டேப் இருக்கிறதே என்பீர்கள். அதிலும் ஒரே செயலியின் விண்டோக்கள் ஒன்றாகக் குவிந்து நிற்கும். இரண்டு பிடிஎஃப்களுக்கு இடையே மாற வேறு விசையைத் தேட வேண்டும். அகராதியில் ஒரு சொல்லைப் பார்த்துவிட்டு வர, ஒவ்வொரு முறையும் திரை முழுக்கக் கலைந்து மறுபடி கூடும். எத்தனை மாதம் பழகினாலும் அந்தக் கூடுதல் வேலை குறையாது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே அப்போது எக்ஸ்எஃப்சிஇ என்ற வேறொரு டெஸ்க்டாப் பக்கம் போனார். அவரைப் புதுமைக்குப் பயந்தவர் என்று யார் சொல்வார்கள்?

எதிர்த்தவர்கள் திட்டிவிட்டு நின்றுவிடவில்லை. க்னோம் 2-இன் மூல நிரலை எடுத்து அர்ஜென்டினாக்காரர் ஒருவர் மாட்டே என்ற டெஸ்க்டாப்பைத் தொடங்கினார். லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மிண்ட்டின் குழு, க்னோம் 3-இன் தொழில்நுட்பத்தின் மேலேயே பழைய அமைப்பைக் கட்டிச் சின்னமன் என்ற டெஸ்க்டாப்பைத் தந்தது. நான் மாட்டேயில் பல ஆண்டுகள் நிம்மதியாக இருந்தேன். 2012-இல் விண்டோஸ் 8 ஸ்டார்ட் பட்டனை எடுத்தபோது அதன் பயனர்களுக்கு இப்படி மூல நிரலை எடுத்து மாற்றிக்கொள்ளும் உரிமை இல்லை. வெளியார் செய்த செயலிகளைப் போட்டு ஒட்டுப்போட வேண்டியிருந்தது. 2013-இல் 8.1 வந்தபோது பட்டன் மட்டும் திரும்பியது. மெனு வர 2015-இல் விண்டோஸ் 10 வரை காத்திருந்தார்கள்.

க்னோமும் 3.8 பதிப்பில் பழைய அமைப்பைப் போன்ற கிளாசிக் வடிவத்தைக் கொடுத்து இறங்கி வந்தது. 2021-இல் வந்த க்னோம் 40 எனக்கு உண்மையிலேயே பிடித்திருக்கிறது. விண்டோக்களைப் பிரித்துவைக்கும் தனித்தனித் திரைகளான வொர்க்ஸ்பேஸ்கள் பக்கவாட்டில் அமைந்தன. டச்பேடில் மூன்று விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகின்றன. சிறிய லேப்டாப் திரைக்கு இதைவிட வசதியானது எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் மேசையிலுள்ள பெரிய மானிட்டரில் இன்றும் சின்னமன்தான்.

க்னோமில் கீழ்ப்பட்டை வேண்டுமென்றால் டேஷ் டு பேனல் என்ற எக்ஸ்டென்ஷனை, அதாவது கூடுதல் வசதி தரும் சிறு நிரலைப் போட்டுக்கொள்ளலாம். சரி, ஒரு விஷயம்: எக்ஸ்டென்ஷன்கள் க்னோம் பதிப்போடு கட்டுண்டவை. சிஸ்டத்தை அப்கிரேட் செய்யும் முன், உங்களுடையது புதிய பதிப்புக்கு வந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.